ஈரல் யாருக்கு?

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் பாதி நாள் கறி. சாப்பிடத்தான் ஆளில்லை.

வீட்டுக்காரருக்குக் கொழுப்பு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறார். கறித்துண்டு விழுந்துவிட்டால் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கை கழுவப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் ஜிம்முக்குப் போகிறவன். வீட்டில் அவனுக்குக் கோழியில் நெஞ்சுப்பகுதி மட்டும்தான் உணவு. தோல் ஆகாது, எலும்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, மசாலா ஆகவே ஆகாது. வேகவைத்த வெள்ளைக் கறியைச் சின்னத் தராசில் நிறுத்து, நூறு கிராமுக்கு இத்தனை கிராம் புரதம் என்று கைப்பேசியில் வரவு வைத்துக்கொண்டு விழுங்குகிறான். மருமகள் செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி முழுவதும், மார்கழி முழுவதும் போக மிச்சமிருக்கும் நாளில் சாப்பிடுவாள். அந்த நாளில் அவளுக்கு அலுவலகத்தில் ஏதாவது விருந்து இருக்கும். பெங்களூரில் இருக்கும் மகள் வீகன். அவள் வந்தால் மோருக்குக்கூட வீட்டில் பஞ்சாயத்து.

ஃப்ரிட்ஜைத் திறந்தால் கறியும் விதிமுறையும் சம அளவில் இருக்கின்றன.

நான் பிறந்தது திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஆட்டுக்குப் பஞ்சமே கிடையாது. வீட்டுக்கு இரண்டு மூன்று வெள்ளாடாவது கட்டிக் கிடக்கும். கருவேலங்காயைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் அசைபோடும். ஆனால் எங்களுக்கு ஆடு கறி இல்லை, பணம். அக்காவின் தோடு, தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளம், வட்டிக்கடைக்காரருக்கு ஒரு தவணை, எல்லாமே அந்த நாலு காலில்தான் நின்றன. பணத்தை யாராவது வெட்டித் தின்பார்களா? அதனால் பட்டி நிறைய ஆடு வைத்திருந்தவரும், ஒன்றுமே இல்லாதவரும் தீபாவளி எப்போது வரும் என்று ஒரேமாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் பொங்கல் கழிந்த மறுநாள் உண்டு, சாமிக்குக் கெடா வெட்டு உண்டு. கோழி அடிக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை வர வேண்டும்.

தீபாவளிக்குக் கறிச்சீட்டு பிடிப்பார்கள். மாதாமாதம் கொஞ்சம் கட்டி வந்தால் தீபாவளியன்று ஒரு கூறு. முந்தின நாள் ராத்திரியே கிடாய்கள் புளியமரத்தடிக்கு வந்துவிடும். விடியுமுன் உரித்து, பனையோலைப் பாயை விரித்து, வெட்டிப் போடுவார்கள். எத்தனை குடும்பமோ அத்தனை கூறு. ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு கை, கொழுப்பு ஒரு விள்ளல். தராசு கிடையாது. வெட்டுகிறவர் குனிந்து நின்று அந்தக் கூறிலிருந்து விரல் அளவு ஈரலை எடுத்து இந்தக் கூறில் வைப்பார்; தள்ளி நின்று பார்ப்பார்; மறுபடியும் வந்து இங்கேயிருந்து ஒரு எலும்பை அங்கே தள்ளுவார். சுற்றி நிற்கிற அத்தனை பேர் கண்ணும் அவர் கையிலேயே இருக்கும். எந்தக் கூறு யாருக்கு என்பதைச் சின்னப் பிள்ளை ஒன்றைத் திரும்பி நிற்கச் சொல்லிக் கேட்பார்கள். "இது யாருக்குடா?" என்றால் பிள்ளை வாயில் வந்த பேரைச் சொல்லும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். அதைவிட ஒழுங்கான பங்கீட்டை எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

ஊருக்குள் அவ்வளவு நேர்மையாகப் பிரிந்த கறி, எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதும் நேர்மையை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்.

முதலில் ரத்தம். சட்டியில் உறைந்திருப்பதை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு அம்மா வதக்குவார். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு நாங்கள் சுற்றி உட்கார்ந்து அதைத் தின்போம். இதில் பாரபட்சம் கிடையாது, ரத்தம்தானே. பிறகு அம்மி. மல்லி, மிளகாய், சோம்பு, கசகசா, பட்டை, தேங்காய் எல்லாவற்றையும் அக்காவும் நானும் மாற்றி மாற்றி அரைப்போம். இந்த வேலைக்குத் தம்பி வர மாட்டான். அவன் வெடி காய வைத்துக்கொண்டிருப்பான். குழம்பு கொதித்து வரும்போது அப்பத்தா அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்பத்தா உட்கார்ந்தால் கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

"ஈரலை எடுத்து வச்சிட்டியாடி?"

"வச்சாச்சுத்தே."

"பயலுக்கு வைய்யி. ஆம்பளப் புள்ள, ரத்தம் ஊறணும்."

மாதாமாதம் ரத்தம் போகிறவர்கள் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். ரத்தம் ஊற வேண்டியது தம்பிக்கு.

இட்லிக்குக் குழம்பு ஊற்றுவதில் அம்மாவின் அகப்பை செய்த ராஜதந்திரத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஒரே அகப்பை, ஒரே சட்டி. அய்யா தட்டில் விழும்போது அதிலிருந்து சதைக்கறி வரும், சித்தப்பாவுக்கு நல்லி வரும், தம்பிக்கு ஈரல். எங்கள் தட்டுக்கு வரும்போது அதே அகப்பையிலிருந்து உருளைக்கிழங்கு வரும். கறியைவிடக் கிழங்கு கூடுதலாகப் போட்டதே எங்கள் இருவரையும் உத்தேசித்துத்தான். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. கறியோடு வெந்த கிழங்கில் கறியின் ருசி இறங்கிவிடுகிறது, ஆகவே கிழங்கு தின்பவரே உண்மையில் புத்திசாலி என்று அக்கா ஒரு சித்தாந்தம் வைத்திருந்தாள். தம்பி நம்பவில்லை. நான் நம்பினேன்.

அம்மாவுக்குக் கறி பிடிக்காது என்று ஊரே நம்பியது. எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவதுதான் அவருக்குப் பிடிக்கும் என்பது குடும்பத்தின் முடிவு. எனக்கு ஆசிரியை வேலை கிடைத்துத் தனிக்குடித்தனம் போன பிறகு, அம்மா என்னோடு வந்து தங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டில் நெஞ்செலும்பு வைத்தேன். கறி பிடிக்காதவர் கடிக்கிற கடி இல்லை அது.

மிச்சம் என்று ஒன்று விழுவது கெடா வெட்டுக்குத்தான். அதை மஞ்சளும் உப்பும் தடவி நூலில் கோத்து, கொடியில் கட்டி உப்புக்கண்டம் போடுவார்கள். காக்காய் ஓட்டுவது பெண்பிள்ளைகளின் பொறுப்பு. நாலைந்து நாள் வெயிலில் கம்பும் கையுமாகக் காவல் இருந்திருக்கிறோம். அது காய்ந்து, பானைக்குள் போய், மழைக்காலத்தில் வெளியே வந்து எண்ணெயில் பொரிந்து, அய்யாவும் சித்தப்பாவும் வைத்திருக்கும் தட்டில் விழும். காக்காய்க்கும் எங்களுக்கும் கடைசியில் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுதான். காக்காயாவது முயற்சி செய்தது.

கறிக்குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது அப்பத்தா மூடி மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டை வைப்பார். உச்சிப்பொழுதாக இருந்தால் கூடவே ஒரு இரும்பு ஆணி. இல்லாவிட்டால் கறி வாசனைக்குப் பேய் பின்னாலேயே வந்துவிடும் என்பார். புளியமரத்தைத் தாண்டும்போது நான் கரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓடுவேன். இன்று எங்கள் வேளச்சேரி அடுக்குமாடிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி வருகிறது. ஹெல்மெட் போட்ட பையன் ஒருவன், முதுகில் பெட்டி நிறைய மட்டனும் கோழியுமாக, ஆலமரம் சுடுகாடு எல்லாம் தாண்டி, ஒரு கரித்துண்டுகூட இல்லாமல் வந்து மணியடிக்கிறான். பேய்க்குப் பயப்பட அவனுக்கு நேரமில்லை. தாமதமானால் வாடிக்கையாளர் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சாமிகள் பெரும்பாலும் கறி சாப்பிடுகிறவை. எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது வடக்கம்பட்டி. தென்னாட்டு நெடுஞ்சாலை முழுக்கக் கடை விரித்த முனியாண்டி விலாஸ்களுக்குத் தாயூர் அது. தை மாதம் அந்த ஊர் முனியாண்டி கோயிலில் ஹோட்டல்காரர்கள் எல்லாம் கூடி, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிப் பிரியாணி கிண்டி, விடியற்காலையில் பிரசாதமாகக் கொடுப்பார்கள். பாத்திரத்தோடு நிற்கிற எல்லோருக்கும் கிடைக்கும். அதே தாலுகாவில் கரும்பாறை முத்தையா கோயில் என்று ஒன்றும் உண்டு. மார்கழியில் கருப்பு ஆடுகளாக வெட்டி, ஆண்களே சமைத்து, ஆண்களே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது; சாப்பிட்ட இலை காய்ந்து போன பிறகுதான் அங்கே கால் வைக்கலாம். வெளியூர்ப் பத்திரிகைகள் வருஷாவருஷம் இதை ஆச்சரியமாகப் படம் போட்டு எழுதுகின்றன. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி நடந்ததை அவர்கள் மலையடிவாரத்தில், கொஞ்சம் பெரிய அளவில், ஒளிவுமறைவில்லாமல் நடத்துகிறார்கள். அவ்வளவுதான்.

2003-ம் வருஷம் ஆகஸ்ட்டில் ஜெயலலிதா அரசு, 1950-லேயே போட்டு வைத்திருந்த ஆடு கோழி பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தது. கோயிலில் கெடா வெட்டினால் வழக்கு. எங்கள் கருப்பசாமி கோயிலுக்கு அந்த வருஷம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஊர்க்காரர்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். சாமியாடி கையில் அரிவாளும் முகத்தில் கலக்கமுமாக நின்றார். சட்டம் கோயில் எல்லைக்குத்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கறிக்கடையில் தொங்கிய ஆட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே சாமிக்குப் பொங்கலைக் காட்டிவிட்டு, ஊர் ரோட்டைத் தாண்டிப் போய் அரைக்கிலோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. ஆட்டின் கழுத்துக்கு இதனால் என்ன லாபம் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மறுவருஷம் பிப்ரவரியிலேயே, தேர்தல் நெருங்கி வரும் வேளையில், சட்டம் ரத்தாகிவிட்டது. கருப்பசாமிக்கு ஓட்டு இல்லை, ஆனால் கருப்பசாமியைக் கும்பிடுகிறவர்களுக்கு இருந்தது.

எனக்கும் ஈரல் கிடைத்த ஒரு காலம் உண்டு. மகள் வயிற்றில் இருந்தபோது. மருத்துவமனையில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி நிற்கிறாய் என்று கேட்டார்கள். பழக்கம் என்று சொல்ல நினைத்தேன். அம்மா கறிக்கடை வாசலில் காத்துக் கிடந்து சுவரொட்டி வாங்கி வந்தார். ஆட்டின் மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம். ஒரு ஆட்டுக்கு ஒன்றே ஒன்று, உள்ளங்கை அளவு, சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும். இரும்புச்சத்து அதில் அவ்வளவு. அனலில் வாட்டி, மிளகு தூவி, ஆள் பார்க்காத நேரத்தில் எனக்குக் கொடுத்தார். அப்பத்தா பார்த்துவிட்டார். ஆனால் இம்முறை தடையில்லை. "தின்னு தின்னு, உள்ள இருக்கறது பயலா இருக்கும்" என்றார். பிறந்தது பெண்.

நான் தமிழாசிரியை. பணியில் சேர்ந்த சில வருஷத்தில், 1989-ல், சத்துணவில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று; கருணாநிதி ஆட்சி. அது படிப்படியாகக் கூடி, பிறகு வாரத்தில் ஐந்து நாளும் ஆனது. முட்டைக்கு என்ன பெரிய மகிமை என்று கேட்கலாம். முட்டையைக் கூறு போட முடியாது என்பதுதான் மகிமை. ஆணுக்கு முழுசு, பெண்ணுக்குப் பாதி என்று அந்த வரிசையில் யாரும் சொல்ல முடியவில்லை. ஒரு தட்டுக்கு ஒன்று. முதல் நாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி முட்டையைத் தின்னாமல் பாவாடைக்குள் மறைத்தாள். கேட்டால், வீட்டில் தம்பி இருக்கிறானாம். தலைமையாசிரியர் கண்டிப்பானவர், இங்கேயே தின்றுவிட்டுத்தான் எழ வேண்டும் என்று உத்தரவு போட்டார். சர்வாதிகாரத்துக்கு நான் கை தட்டியது அந்த ஒருமுறைதான். இருந்தும், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் புரட்டினால் தமிழ்நாட்டுப் பெண்களில் சரிபாதிக்கு மேல் இன்றும் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஈரலுக்குப் பதில் மாத்திரை. தம்பிகள் அதைக் கேட்பதில்லை.

கறி எளிதானது கோழியால்தான், அதிலும் எங்கள் பக்கம் பாய்லர் என்று சொல்கிற வெள்ளைக்கோழியால். சித்தப்பா மகன் ஒருவன் பல்லடம் பக்கம் கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான்; பைக்கில் ஷெட்டு ஷெட்டாகப் போய் வருகிற வேலை. அவனோடு ஒருதரம் ஒரு பண்ணைக்குப் போனேன். நீளமான ஷெட், தரையில் தேங்காய்நார்க் கழிவு, அதன் மேல் ஆயிரக்கணக்கில் வெள்ளை. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. ஷெட்டும் தண்ணீரும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையது. ஏறத்தாழ நாற்பது நாளில் கோழி இரண்டு கிலோ. லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தன் ஷெட்டில், தன் கையால் வளர்த்த கோழி அவருடையது இல்லை. வெயிலில் செத்தால் மட்டும் கொஞ்சம் அவருடையதாகிவிடுகிறது.

"ஊசி போட்டுத்தான் இப்படிப் பெருக்க வைக்கிறீங்களாமே?" என்று கேட்டேன். எங்கள் மாடிவீட்டு அம்மாள் அப்படித்தான் சொல்கிறார்.

அவன் சிரித்தான். "இத்தன ஆயிரம் கோழிக்கு யாருக்கா ஊசி போடுறது? பொறக்கும்போதே அது அப்படித்தான். தீவனத்தக் காட்டுனா போதும்."

அவன் சொன்னது சரி. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இணைசேர்த்து உண்டாக்கின உடம்பு அது. ஹார்மோன் ஊசி வெறும் வதந்தி. கவலைப்பட வேண்டியது தீவனத்தில் கலக்கிற ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி. மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினையே கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச மாடிவீட்டு அம்மாளுக்கு ஆர்வமில்லை. ஊசிக் கதைதான் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் சித்தப்பா மகன் வீட்டில் சாப்பாடு. கோழிக்குழம்புதான், கொல்லையில் மேய்ந்த நாட்டுக்கோழி. "வீட்டுக்கு இதான்க்கா ஒத்துக்குது" என்றான், கண்ணைப் பார்க்காமல்.

பாய்லர் கோழியைக் குறை சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நாட்டுக்கோழியின் ருசியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்திலும் தொடைக்கறி கிடைத்தவர்கள். பாய்லர் வந்த பிறகுதான் கூலி வேலைக்குப் போய்வருகிற பெண் ஞாயிற்றுக்கிழமை தன் காசில் அரைக்கிலோ வாங்கி, தன் தட்டிலும் ஒரு கால் வைத்துக்கொள்ள முடிந்தது. கோழிக்கு இரண்டு கால்தான் என்பது இன்னும் சங்கடம்தான். ஆனால் இப்போது கடையில் காலை மட்டும் தனியாகவே விற்கிறார்கள்.

மகளோடு எனக்கு நடக்கும் வாக்குவாதமும் இங்கேயிருந்துதான் புறப்படுகிறது. ஒரு கிலோ கோழிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தின்னக் கொடுக்கிறோம். அந்தச் சோயாவை நேரே நாமே தின்றுவிட்டால் என்ன என்கிறாள். உலகத்தில் மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுவில் நூற்றுக்குப் பதினாலரைப் பங்கு கால்நடைகளால் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் போட்ட கணக்கையும் எடுத்து நீட்டுகிறாள். கருவேலங்காய் தின்ற எங்கள் வெள்ளாட்டையும் அதில் சேர்த்துவிட்டார்களா என்று கேட்டேன். சேர்த்துவிட்டார்களாம்.

சோயாவை நேரே தின்கிற வேலையை எங்கள் அம்மா எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டார். மளிகைக்கடைக்கு மீல் மேக்கர் வந்த புதிது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சோயாமாவுதான், உருண்டையாகப் பிதுக்கி விற்றார்கள். கறி மசாலாவில் போட்டால் கறி மாதிரியே இருக்கும் என்றார் கடைக்காரர். இருந்தது, கண்ணை மூடிக்கொண்டால். அதற்கும் முன்னால் பலாக்காய். சோம்பு கூடப் போட்டு வதக்கி, கறி என்று எங்களை ஏமாற்றுவார். கறி கிடைக்காத வீட்டின் தந்திரம் அது. இப்போது மகள் பெங்களூரிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் செடிக்கறி கொண்டு வருகிறாள். பட்டாணிப் புரதத்தில் செய்தது, மட்டனைவிட விலை அதிகம். கடித்துப் பார்த்துவிட்டு, "அப்படியே கறி மாதிரி இருக்குல்லம்மா?" என்று கேட்கிறாள். கறி வேண்டாம் என்று விட்டவள் கறி மாதிரி இருப்பதற்குக் காசு கொடுக்கிறாள். அம்மா இருந்திருந்தால் பலாக்காயை அனுப்பி வைத்திருப்பார்.

இந்தப் பழைய கதையில் நாங்கள் யாரும் சொல்லாமல் விடுகிற ஒரு பக்கம் உண்டு. புளியமரத்தடியில் கூறு போட்டபோது ஊரின் எல்லாத் தெருவுக்கும் கூறு போகவில்லை. தலையும் காலும் தோலும் யாருக்கு என்பது முன்கூட்டியே தீர்மானமான விஷயம். தெற்குத் தெருவில் மாட்டுக்கறி சமைத்த நாளில் வாசனையை வைத்தே எங்கள் தெருவில் முகம் சுளிப்பார்கள். அந்தத் தெருவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழி தூக்குவாளியை எங்கள் முன்னால் திறக்கவே மாட்டாள். கிணற்றுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். இன்று என் மகனும் அவன் நண்பர்களும் கேரளக் கடையில் பரோட்டாவும் பீஃப் வறுவலும் தின்றுவிட்டு, அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். அவனைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அவன் எந்தத் தெருக்காரன் என்று தெரிந்திருப்பதால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதே தட்டைத் தெற்குத் தெருப் பையன் படமெடுத்துப் போட்டிருந்தால் கதை வேறு மாதிரி ஓடியிருக்கும்.

தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் தினம். கறிக்கடைகளை அடைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். புலால் மறுத்தல் என்று பத்துக் குறள் எழுதினவருக்கு மரியாதை. பொருத்தம்தான். ஆனால் எங்கள் ஊரில் பொங்கலுக்கு மறுநாள்தான் கறி நாள். அதனால் பொங்கலன்று சாமி கும்பிட்ட கையோடு கடைக்குப் போய் வரிசையில் நின்று, வள்ளுவருக்கு முந்திக்கொண்டு வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறோம். 2014-ல் மத்திய அரசு எடுத்த ஒரு கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குக் குறையாமல் அசைவம். வள்ளுவருக்குச் சிலை வைத்ததும் இவர்கள்தான். நான் எட்டாம் வகுப்புக்கு அந்த அதிகாரம் நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நீங்க கறி திம்பீங்களா?" என்றான். வள்ளுவர் சொன்னதைப் பரீட்சையில் எழுது, நான் தின்பதை எழுதாதே என்றேன். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் இரவும் பகலும் கறி தின்று பல்லே மழுங்கிப்போனதாக ஒரு பொருநர் சொல்லிக்கொள்கிறார். அதையும் அவர்களிடம் சொன்னேன். அன்றைக்கு வகுப்பில் அதுதான் எல்லோருக்கும் நினைவில் நின்றது. வள்ளுவருக்கு மதிப்பெண், கரிகாலனுக்குப் பசி.

வைத்தியர்கள் கட்சி மாறுவதையும் பார்த்தாயிற்று. முதலில் கொழுப்பைக் குறை என்றார்கள். பிறகு சிவப்புக் கறி புற்றுநோய் தரக்கூடும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு வகைப்படுத்தியதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். அதே சமயத்தில்தான் அவருடைய அக்கா மகன் பேலியோ என்று ஆரம்பித்து, சோற்றை விட்டுவிட்டு, கொழுப்போடு கறியும் வெண்ணெயும் தின்று இளைத்துப்போய் வந்து நின்றான். ஒரே கல்யாணப் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இலையில் கறி ஒதுங்கியிருந்தது, ஒருவர் இலையில் சோறு ஒதுங்கியிருந்தது. இலையை மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் வீணாகியிருக்காது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கறிக்கடைக்குப் போகிறேன். வாலைப் பார்த்து வெள்ளாடா செம்மறியா என்று தீர்மானிக்கிற வித்தை இன்னும் கை விடவில்லை. ஈரல் கேட்டால் கடைப் பையன், "பேரப்புள்ளைக்காம்மா?" என்கிறான். ஈரல் வாங்குகிறவர்கள் இப்போது குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்தான் வாங்குகிறார்களாம். எனக்குத்தான் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு நிறுக்கிறான். எனக்கும் யூரிக் அமிலம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அளவாகத்தான்.

மதியம் தம்பி மதுரையிலிருந்து கூப்பிடுவான். அவனுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். ஆட்டுக்கறியைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்பது அவன் வீட்டுக்காரியின் உத்தரவு, அதிலும் ஈரல் என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

"என்னக்கா கொழம்பு?"

"கொழம்பு இல்லடா. ஈரல் வறுத்தேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. டிவி ஓடுவது மட்டும் கேட்கிறது.

"மிளகு போட்டா, மிளகாயா?"

"மிளகுதான். சின்ன வெங்காயம் நெறையப் போட்டு, கடைசில கறிவேப்பில."

"கொஞ்சம் கெட்டியா ஆகிருமே, பாத்து எறக்குனியா?"

"பஞ்சு மாதிரி இருக்குடா."

"வேற யாரு சாப்ட்டா?"

"யாரும் இல்ல. முழுசும் நாந்தான்."

"இருக்கும் இருக்கும்" என்றான். பிறகு, அடுத்த வாரம் குடல் எடுக்கப் போகிறேனா என்று கேட்டான்.